தாய்ப்பால் பம்பு: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டு நீக்கும் வழிமுறை

பிரசவ வார்டில் செவிலியராகப் பணியாற்றிய ஆண்டுகளில், "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று கண்கலங்கி வந்த தாய்மார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் கணிசமானோருக்குப் பால் வற்றியிருக்கவில்லை. கையோடு கொண்டுவந்த பம்பைப் பிரித்துப் பார்த்தால், ஒரு ரூபாய் நாணயம் அளவே உள்ள ரப்பர் சவ்வு ஓரத்தில் கிழிந்திருக்கும். அல்லது மார்பில் வைக்கும் புனல் காம்பின் அளவுக்குச் சற்றும் பொருந்தாமல் இருந்தும் அதை, அது பெட்டியோடு வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, மாதக்கணக்கில் பயன்படுத்தி வந்திருப்பார்கள். ஆகவே இந்த வழிமுறை முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் கருவியைச் சோதியுங்கள், அடுத்துப் பயன்படுத்தும் முறையைச் சோதியுங்கள், இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே உடலைச் சந்தேகியுங்கள். காய்ச்சல், மார்பில் பரவும் சிவப்பு, தொட முடியாத வலி ஆகியவை இருந்தால் மட்டும் இந்த வரிசையை விட்டுவிட்டுக் கட்டியும் காய்ச்சலும் பற்றிய பகுதிக்கு நேரே செல்லுங்கள்.

பம்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதிக் குறைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மோட்டார் காற்றை உறிஞ்சும்போது புனலுக்கு அடியில் உள்ள வால்வு மூடிக்கொள்கிறது. அதனால் புனலுக்குள் வெற்றிடம் உண்டாகி, காம்பு முன்னோக்கி இழுபட்டுப் பால் வெளிவருகிறது. மோட்டார் இழுவையை விடும்போது வால்வு திறந்து, சேர்ந்த பால் பாட்டிலுக்குள் விழுகிறது. இந்த மூடலும் திறப்பும் நிமிடத்துக்குப் பல பத்து முறை நடக்கின்றன. எங்கேனும் காற்று கசிந்தால் வெற்றிடம் உண்டாகாது. எங்கேனும் ஈரம் தங்கினால் அங்கே கிருமி வளரும். கீழே வரும் குறைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டிலிருந்து கிளைப்பவையே.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை

இழுவை ஒரே நாளில் திடீரென்று குறைந்ததா, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்ததா என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். திடீரென்று குறைந்திருந்தால் பெரும்பாலும் பாகங்களைப் பொருத்தியதில் பிழை இருக்கும். மெல்லக் குறைந்திருந்தால் அது தேய்மானம். தேய்மானத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஏனென்றால் நாள்தோறும் 5 மில்லி, 10 மில்லியாகக் குறைந்து வரும் பாலைத் தாய் தன் உடலின் குறையாகவே எண்ணிக்கொள்கிறாள்.

முதல் சோதனை மோட்டாருக்கு. குழாயைப் புனலிலிருந்து கழற்றி, மோட்டாரை ஓடவிட்டு, குழாயின் நுனியைச் சுத்தமான விரலால் மூடுங்கள். விரல் நன்றாக இழுபட்டால் மோட்டாரிலும் குழாயிலும் குறையில்லை. இழுவை தளர்வாக இருந்தால் குழாய் மோட்டாரோடு சேரும் இடத்தில் முழுவதும் உள்ளே சென்றிருக்கிறதா, குழாயில் மடிப்போ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இழுக்கும் பம்பை ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள், மற்றத் துளையை அடைக்காமல் விட்டுவிட்டால் காற்று அந்த வழியாகவே போய்விடும். மின்கலத்தில் ஓடும் பம்பானால், மின்னேற்றம் குறையும்போது மோட்டாரின் ஓசை மாறாமலேயே இழுவை குறைவது உண்டு. சுவரில் உள்ள மின்இணைப்பில் செருகி மறுபடியும் சோதியுங்கள்.

மோட்டார் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வால்வின் மீது. வாத்தின் அலகைப் போன்ற வடிவில் இருக்கும் வால்வை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அதன் நுனியில் உள்ள பிளவு, தொடாமல் இருக்கும்போது முழுவதும் ஒட்டியிருக்க வேண்டும். பிளவின் வழியே வெளிச்சம் தெரிந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்துவிட்டது. தட்டையான வெள்ளைச் சவ்வு உள்ள வகையானால், அது தன் இருக்கையில் சுருக்கமின்றிப் படிய வேண்டும். ஓரம் சுருண்டிருந்தாலோ நூலளவு கிழிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு, எட்டு முறை பம்பு பயன்படுத்துவோர் ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை வால்வை மாற்ற வேண்டியிருக்கும். பாட்டில் கழுவும் தூரிகையைப் பிளவுக்குள் விட்டுத் தேய்ப்பதுதான் வால்வைச் சீக்கிரம் கெடுக்கும் பழக்கம். அதை விரல்நுனியால் மென்மையாகத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

பால் குழாய்க்குள்ளும் மோட்டாருக்குள்ளும் ஏறாமல், அதாவது பின்னோட்டம் நேராமல், தடுக்கும் சவ்வுப் பகுதியைக் கழுவிய பின் ஈரத்தோடு பொருத்தினாலும் இழுவை குறையும். குழாயே இல்லாமல் உள்ளாடைக்குள் வைக்கும் பம்புகளில் இந்தச் சவ்வு ஓரம் முழுதும் அழுந்திப் படியாததே இழுவைக் குறைவுக்கு மிகப் பொதுவான காரணம். சுற்றிலும் விரலால் அழுத்தி, எங்கும் தூக்கலாக இல்லை என்று உறுதி செய்துகொண்டு மூடுங்கள்.

இழுவை நன்றாக இருக்கிறது, பால்தான் வரவில்லை

பம்பில் வரும் பாலின் அளவு உங்கள் சுரப்பின் அளவு ஆகாது. குழந்தை நாக்காலும் தாடையாலும் அழுத்தி, சூட்டோடும் மணத்தோடும் குடிக்கும்போது வரும் பாலைப் பம்பு முழுவதும் எடுத்துவிட முடியாது. குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் கூடிவந்தால், பம்பு காட்டும் கணக்கைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மார்பில் நேரடியாகக் குடிக்கும் குழந்தையின் தாய், இரண்டு பாலூட்டல்களுக்கு நடுவே பம்பு வைத்தால் சிறிதளவே வரும், அது இயல்பு.

பால் இறங்குவதற்கு உடலுக்கு ஒரு தூண்டுதல் தேவை. வேகமாகவும் மெல்லியதாகவும் இழுக்கும் நிலையில் தொடங்கி, பால் துளித்துளியாக விழத் தொடங்கியதும் மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். பல பம்புகள் இரண்டு நிமிடத்தில் தாமாகவே மாறிக்கொள்கின்றன. உங்களுக்குப் பால் இறங்க நான்கு நிமிடம் ஆகுமானால், பொத்தானை அழுத்தி முதல் நிலைக்குத் திரும்புவதில் தவறில்லை. பால் ஓட்டம் நின்ற பிறகு சற்றுப் பொறுத்து மறுபடியும் முதல் நிலையில் தொடங்கினால் இரண்டாம் முறையும் இறங்கக்கூடும். குழந்தை போர்த்திய துணியை அருகில் வைத்துக்கொள்வதும், குழந்தையின் படத்தைப் பார்ப்பதும் வீண் வேலைகள் அல்ல. பால் இறங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் என்னும் ஹார்மோன் அச்சத்தில் தடைப்படுகிறது, அமைதியில் சுரக்கிறது. பாட்டிலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். பாட்டிலின் மேல் ஒரு சிறு துணியைப் போர்த்திவிடுங்கள்.

கையின் உதவி பெரிது. பம்பு ஓடும்போது மார்பை வெளிப்புறத்திலிருந்து காம்பை நோக்கி மென்மையாக அழுத்துவதும், பம்பு முடிந்த பின் இரண்டு மூன்று நிமிடம் கையால் பீய்ச்சி எடுப்பதும் பாலின் அளவைக் கூட்டுகின்றன. குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களிடம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்ட்டன் குழுவினர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிரசவமான முதல் ஓரிரு நாள்களில் வரும் சீம்பால் கெட்டியாகவும் மிகக் குறைவாகவும் இருப்பதால், அது பம்பின் சுவர்களிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும். அந்த நாள்களில் சுத்தமான கையால் ஒரு கரண்டியிலோ பாலாடையிலோ பீய்ச்சி எடுப்பதே மேல்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, தாய் பம்பை மட்டுமே நம்பியிருக்கும் நிலையில், 24 மணி நேரத்தில் எட்டு முறைக்குக் குறையாமல், அதில் ஒன்றாவது இரவில் அமையுமாறு எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 15 முதல் 20 நிமிடம் போதும். ஒரே அமர்வில் ஒரு மணி நேரம் இழுப்பது எண்ணிக்கைக் குறைவை ஈடு செய்யாது, காம்பைத்தான் புண்ணாக்கும்.

வலிக்கிறது, காம்பு வெளுக்கிறது, புண்ணாகிறது

பம்பு வலிக்கக் கூடாது. "முதலில் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொன்னாலும் இந்த ஒன்றில் அவர்கள் சொல்லைக் கேட்க வேண்டாம். இழுவையைக் கூட்டினால் பால் கூடும் என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். வலி பால் இறங்குவதைத் தடுப்பதால், அளவுக்கு மீறிய இழுவையில் பால் குறையவே செய்யும். சற்றே அசௌகரியம் தோன்றும் வரை இழுவையை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி கீழே இறக்குங்கள். உங்களுக்கு உரிய அளவு அதுவே.

இழுவையைக் குறைத்தும் வலித்தால் புனலைப் பாருங்கள். கடைகளில் ஃபிளான்ஜ் என்று கேட்டால் தருவார்கள். பம்பை ஓடவிட்டு, புனலின் கழுத்துக்குள் காம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். காம்பு சுவரில் உரசாமல் முன்னும் பின்னும் தாராளமாக அசைந்து, அதைச் சுற்றியுள்ள கருவட்டம் உள்ளே வராமலோ மிகச் சிறிதளவே வந்தோ இருந்தால் அளவு சரி. காம்பு சுவரில் உரசி நசுங்கினால் புனல் சிறியது. கருவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே இழுபட்டு, பம்பை எடுத்த பின் வீங்கித் தெரிந்தால் புனல் பெரியது. பெட்டியோடு வரும் புனல் பெரும்பாலும் 24 அல்லது 28 மில்லிமீட்டர். அளவுகோலால் காம்பின் அடிப்பகுதியின் குறுக்களவை, கருவட்டத்தைச் சேர்க்காமல் அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டர் காம்புக்கு 28 மில்லிமீட்டர் புனல் பொருந்த வழியே இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வாரங்கள் செல்லச் செல்ல அளவு மாறவும் கூடும்.

பம்பை எடுத்தவுடன் காம்பு வெளுத்து, பின்னர் நீலம் பாய்ந்து, எரிச்சலோடு பழைய நிறத்துக்குத் திரும்பினால், குளிரிலோ அழுத்தத்திலோ இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கலாம். இழுவையைக் குறைத்து, எடுத்தவுடன் உலர்ந்த சூடான துணியால் மூடினால் தணியும். அளவும் இழுவையும் சரியாக இருந்தும் காம்பு பளபளவென்று சிவந்து, பால் எடுத்த பின்னும் நெடுநேரம் எரிந்து, குழந்தையின் வாயிலும் துடைத்தால் போகாத வெண்படலம் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தாய், குழந்தை இருவருக்கும் ஒரே சமயத்தில் மருத்துவம் செய்யாவிட்டால் அது மாறி மாறித் தொற்றிக்கொண்டே இருக்கும். அந்த நாள்களில் பம்பின் பாகங்களை நாள்தோறும் கொதிக்கவைப்பதைத் தவறவிடாதீர்கள்.

குழாயில் நீர்த்துளி, பால், கரும்புள்ளி

மூன்றும் வெவ்வேறு. பளிங்கு போன்ற நீர்த்துளிகள் மட்டும் தெரிந்தால், சூடான காற்று குளிர்ந்து படிந்த நீர் அது. புனலைக் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் மோட்டாரோடு இணைத்து, உலரும் வரை சில நிமிடம் ஓடவிடுங்கள். பால் ஏறியிருந்தால் உடனே நிறுத்துங்கள். குழாயைக் கழற்றிச் சோப்பு நீரால் அலசி, நல்ல நீர் விட்டு, உதறித் தொங்கவிட்டு, உள்ளே ஒரு துளியும் இல்லாமல் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். பால் ஏன் ஏறியது என்பதற்குப் பின்னோட்டத் தடுப்புச் சவ்வைச் சோதியுங்கள். அந்தச் சவ்வு இல்லாத திறந்த வகைப் பம்பில், பால் மோட்டாருக்குள்ளேயே சென்றிருந்தால் வீட்டில் அதைச் சுத்தம் செய்ய முடியாது. கரும்புள்ளியோ பச்சைப் படலமோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் குழாயைக் கழுவ முயலாமல் அப்போதே எறிந்துவிடுங்கள்.

கழுவிய பின்னும் வழவழப்பு, நாற்றம், படிவு

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2016இல், 29ஆவது வாரத்தில் பிறந்த ஒரு குறைமாதக் குழந்தைக்குக் குரோனோபாக்டர் என்னும் கிருமியால் மூளைக்காய்ச்சல் ஏற்பட்டது. அந்நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் விசாரித்தபோது, தாய் வீட்டில் பயன்படுத்திய பம்பிலும் அதே கிருமி இருந்தது. பால் எடுத்த பின் பாகங்களைச் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி எடுத்து, உலர்ந்த பின் பையில் போட்டு வைத்திருந்தார் அந்தத் தாய். அவர் அலட்சியம் செய்தவர் அல்லர்; சோப்பு நீரில் ஊறினால் சுத்தமாகும் என்று நம்பினார். நம் வீடுகளிலும் பாத்திரங்களை ஊறப்போட்டு வைப்பது அன்றாட வழக்கம் என்பதால், இந்தச் செய்தியைப் பம்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பாலின் மிச்சம் கலந்த வெதுவெதுப்பான நீர், சோப்பு இருந்தாலும், நேரம் செல்லச் செல்லக் கிருமிக்கு உணவாகிவிடுகிறது.

கழுவும் முறை இதுதான். முதலில் கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். பாகங்களை முழுவதும் பிரித்து, பால் காய்வதற்கு முன்பே ஓடும் நீரில் அலசுங்கள். சமையலறைத் தொட்டியில் நேரடியாகப் போடாமல், பம்புக்கென்றே ஒதுக்கிய ஒரு பாத்திரத்தில் வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் விட்டு, பம்புக்கென்றே வைத்திருக்கும் தூரிகையால் தேய்க்க வேண்டும். மீன் கழுவிய தொட்டியும் சாம்பார்ச் சட்டி தேய்த்த நாரும் இதில் பட வேண்டாம். பிறகு புது நீரில் அலசி, சுத்தமான துணியின் மேல் பரப்பித் தூசி படாத இடத்தில் காற்றில் உலரவிடுங்கள். முந்தானையாலோ துண்டாலோ துடைத்தால், துணியில் உள்ள கிருமி கழுவிய பாகத்துக்கு வந்துவிடும். கழுவிய பாத்திரத்தையும் தூரிகையையும் அலசி உலரவைப்பது இதன் கடைசிப் படி.

நாளுக்கு ஒரு முறையாவது, கொதிநீரைத் தாங்கும் பாகங்கள் எவை என்று கையேட்டில் பார்த்து, நீரில் முழுவதும் அமிழுமாறு போட்டு, கொதி வந்த பின் ஐந்து நிமிடம் விடுங்கள். குழந்தைக்கு இரண்டு மாதம் நிறைவதற்கு முன்பும், குறைமாதக் குழந்தையானாலும், நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தையானாலும் இதை ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். அழுக்கோடு கொதிக்கவைத்தால் பயனில்லை. கழுவுதல் முதலில், கொதிக்கவைத்தல் பின்னர். குழாயையும் மோட்டாரையும் கொதிநீருக்கு அருகிலேயே கொண்டுபோகாதீர்கள். மோட்டாரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாலூட்டப் பயன்படுத்தும் சங்கு, பாலாடை, கிண்ணம், கரண்டி ஆகியவற்றுக்கும் இதே முறைதான்.

கொதிக்கவைத்த பின் பாகங்களில் வெண்பொடி படிந்திருந்தால் அஞ்ச வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இது நடக்கும். சிறிது எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரில் சில நிமிடம் வைத்து, நன்றாக அலசினால் போய்விடும். அதன் பின் கொதிக்கவைக்க வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்துங்கள். வழவழப்பான படலம் விரலுக்குத் தட்டுப்பட்டால் அது பால்கொழுப்பு; கழுவிய நீர் போதிய சூடாக இல்லை என்று பொருள். இளஞ்சிவப்புக் கறை வேறு செய்தி. குளியலறை ஓரங்களில் நாம் காணும் செராட்டியா என்னும் கிருமியும் அந்த நிறத்தைத் தரும். அந்தப் பாகங்களை மாற்றுங்கள். பாலும் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை செய்யும் இடத்தில் கழுவ வசதி இல்லாதவர்கள், பாகங்களை மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த முறைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்வார்கள். குளிர் கிருமியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிரக் கொல்லாது. இரண்டு மூன்று செட் பாகங்களைக் கொண்டுபோய், பயன்படுத்தியவற்றை வீட்டில் கழுவுவதே பாதுகாப்பானது; பச்சிளங்குழந்தையின் தாய் வேறு வழியை நாட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எடுத்த பாலில் மணமும் நிறமும் மாறியிருக்கின்றன

மேலே வெண்ணெய்ப்படலம் தனியாகப் பிரிவது கெட்டுப்போன அறிகுறி இல்லை. பாட்டிலை மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். நீலம் கலந்த மெல்லிய நிறம், மஞ்சள், கீரை உண்ட நாளில் இளம்பச்சை ஆகியவையும் இயல்பானவை. பிரசவமான முதல் சில நாள்களில் துரு நிறத்தில், வலியில்லாமல், பெரும்பாலும் இரு பக்கமும் வருவது, புதிதாக விரியும் நுண்குழாய்களிலிருந்து கசியும் பழைய இரத்தம்; சில நாள்களில் தெளியும். காம்புப் புண்ணிலிருந்து சிறிது இரத்தம் கலந்தாலும் குழந்தைக்குத் தீங்கில்லை. புண்ணுக்கான காரணத்தைத்தான் தேட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு பக்கத்தில் மட்டும் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

உறையவைத்து எடுத்த பாலில் சோப்பு மணம் வீசினால், பாலில் இயல்பாக உள்ள லிபேஸ் என்னும் நொதி கொழுப்பைச் சிதைத்திருக்கிறது. பால் கெடவில்லை, குழந்தை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தை மறுத்தால், அடுத்த முறை எடுத்தவுடன், விளிம்பில் சிறு குமிழிகள் தோன்றும் வரை மட்டும் சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, விரைவாகக் குளிரவைத்துப் பிறகு உறையவையுங்கள். புளித்த மணம் வீசினால் அது வேறு. அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள், மனம் கனத்தாலும்.

வெயில், மின்வெட்டு, வேலைநேரம்

எடுத்த பால் அறையில் நான்கு மணி நேரம் இருக்கலாம் என்ற கணக்கு 25 பாகை செல்சியஸ் அறைக்குச் சொல்லப்பட்டது. சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறை அந்த அளவில் இருப்பதில்லை. ஆகவே எடுத்தவுடன் மூடி, நாளும் நேரமும் எழுதிக் குளிர்பெட்டிக்குள் வையுங்கள். கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வைத்தால், 4 பாகையில் நான்கு நாள் வரை இருக்கலாம். ஒற்றைக் கதவுக் குளிர்பெட்டியின் பனிப்பகுதியில் இரண்டு வாரத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். தனிக் கதவுள்ள உறைபெட்டியில் ஆறு மாதம் வரை தரம் குறையாமல் இருக்கும். பனிக்கட்டிப் பைகள் நிறைந்த வெப்பம்புகாப் பையில் ஒரு நாள் தாங்கும்.

மின்சாரம் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். உறைந்த பாலில் இன்னும் பனித்துகள் தெரிந்தால் மறுபடியும் உறையவைக்கலாம். முழுவதும் உருகியிருந்தால் குளிர்பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வெதுவெதுப்பான நீர் உள்ள பாத்திரத்தில் பாட்டிலை வைத்துச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் ஓரிடம் கொதித்து ஓரிடம் குளிர்ந்திருப்பதால் குழந்தையின் வாய் வெந்துவிடக்கூடும். குழந்தை குடித்து மீதம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, பணியிடத்தில் வழக்கமான இடைவேளைக்கு மேல் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை இந்தியச் சட்டம் தாய்க்குத் தருகிறது. பம்பு வைக்க அந்த நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். கழிப்பறையில் அமர்ந்து பால் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது குழந்தையின் உணவு.

பால் கட்டி வலிக்கிறது, காய்ச்சல் வருகிறது

பால் கட்டினால் பம்பை வைத்து முழுவதும் காலி செய்ய வேண்டும் என்று தோன்றும். உடல் அதை "இன்னும் தேவை" என்றே புரிந்துகொண்டு மேலும் சுரக்கும், வீக்கம் கூடும். குழந்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவையே தொடருங்கள். மார்பு கல்லாக இறுகிக் குழந்தை கவ்வ முடியாவிட்டால், இளகும் வரை சிறிது எடுத்தால் போதும். கட்டியைப் பலமாகப் பிசைந்து விடுவதும் வெந்நீர் ஒத்தடத்தை நெடுநேரம் வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். உள்ளே இருப்பது பெரும்பாலும் வீங்கிய திசு என்பதால், பிசைந்தால் அது மேலும் காயப்படும். துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுப்பதே வீக்கத்தைக் குறைக்கும். மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் பழைய வழக்கம் பாலை நிறுத்துவதற்கானது. 1988இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு ஒன்றும் அதன் ஆற்றலை உறுதிப்படுத்தியிருக்கிறது. பால் தொடர வேண்டும் என்று நினைப்பவர்கள் பால் கட்டியதற்காக அதைச் செய்துவிட வேண்டாம்.

38.5 பாகையைத் தொடும் காய்ச்சல், குளிர் நடுக்கம், ஆப்பு வடிவில் பரவும் சிவப்பு ஆகியவை 24 மணி நேரத்தில் தணியாவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடல்நிலை வேகமாக மோசமானால் அவ்வளவு நேரமும் காத்திருக்க வேண்டாம். கட்டி இளகி, உள்ளே நீர் அசைவதுபோல் தோன்றினால் அன்றே காட்ட வேண்டும். சீழ் கட்டியிருந்தால் மாத்திரை மட்டும் போதாது. இந்தத் தொற்றுக்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வருவதில்லை. திடீரென்று நிறுத்துவதுதான் நிலையை மோசமாக்கும்.

அக்காளிடமிருந்து வந்த பம்பு

குடும்பத்துக்குள் தொட்டிலும் சட்டையும் கைமாறுவதுபோல் பம்பும் கைமாறுகிறது. விலை அதிகம் என்பதால் அந்த எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆயினும் ஒருவர் பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்ட பம்பில், குறிப்பாகப் பின்னோட்டத் தடுப்பு இல்லாத வகையில், முதல் தாயின் பால்துளிகள் மோட்டாருக்குள் சென்றிருக்கலாம். புனலையும் குழாயையும் புதிதாக வாங்கிப் போட்டாலும் அந்த உட்பகுதியை யாராலும் சுத்தம் செய்ய முடியாது. எச்ஐவி உள்ளிட்ட சில தொற்றுகள் தாய்ப்பாலின் வழியே பரவக்கூடியவை. பலர் பயன்படுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்ட மருத்துவமனைத் தரப் பம்புகளை வாடகைக்கு எடுக்கலாம். அப்போதும் பாலும் மார்பும் படும் பாகங்கள் அனைத்தும் உங்களுக்கென்று புதிதாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பணம் போதாவிட்டால், கையால் இயக்கும் எளிய பம்பைப் புதிதாக வாங்குங்கள். அதுவும் இயலாவிட்டால் கையால் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை பிறந்த மருத்துவமனையின் பிரசவ வார்டுச் செவிலியரிடம் கேட்டால் காட்டித் தருவார்.